நேற்று வந்தவனுக்குப் போன மோதிரம்

உங்களில் பாதிப் பேருக்குத் தலையில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. மீதிப் பேர் சாயம் பூசிக்கொள்கிறீர்கள். நான் இரண்டாவது கட்சி. நம் பிள்ளைகள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நாங்கள்லாம் வெயில்ல ஓடி ஆடினவங்க" என்று நாம் சொல்வதில் பாதி பொய். நம் விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டில் குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்ததே, அதை நீங்கள் அவ்வளவு சுலபமாக மறந்திருக்க முடியாது. பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் அழுக்குப் பச்சையில் ஒரு திரை. எழுத்தெல்லாம் தேய்ந்துபோன கீபோர்டு. ஊதுவத்தியும் சூடேறிய தூசியும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். அது ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அது ஒரு கத்திரி வெயில் காலம். நான் எட்டாவது முடித்திருந்தேன். அக்கா பிளஸ் ஒன் முடித்து, பிளஸ் டூ புத்தகங்களைத் தெரிந்தவர்களிடம் வாங்கி முன்கூட்டியே அட்டை போட்டு வைத்திருந்தாள். அப்பாவுக்கு செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளை பார்க்கிற வேலை. சாயங்காலம் வரும்போது முழங்கை வரை பீங்கான் மாவு படிந்து வெள்ளையாக இருக்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். "இப்பல்லாம் வேலைக்கு நெட்லதான் போடணும் அண்ணே" என்று அவர் சொன்னார், அப்பா நம்பினார். அதோடு, "இதுங்களையும் இட்டுக்கினு போ. கம்ப்யூட்டர் கத்துக்கட்டும்" என்று எங்கள் இருவரையும் அவரோடு அனுப்பிவைத்தார்.

சித்தப்பா எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு விளையாட்டை.

கத்தி, மந்திரம், காடு, குகை எல்லாம் உள்ள விளையாட்டு. ஆளுக்கு ஒரு வேஷம். ஒரே நேரத்தில் எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் அதற்குள் நடமாடுவார்கள். சேர்ந்து போனால்தான் பெரிய மிருகங்களைக் கொல்ல முடியும் என்பதால் கூட்டமாகச் சேர்வார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கில்டு என்று பெயர். தமிழ்நாட்டுப் பையன்கள் சிலரைச் சேர்த்து சித்தப்பா ஒரு கில்டு வைத்திருந்தார். அதில் அவர்தான் தலைவர். வீட்டில் தட்டை எடுத்து வை என்றால்கூடப் பேசாமல் எடுத்து வைக்கிற மனுஷன், அங்கே உத்தரவு போடுவார். யார் எங்கே நிற்பது, யார் முதலில் அடிப்பது எல்லாம் அவர் சொன்னபடிதான். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கோட்டைச் சண்டையில் ஜெயிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு.

அக்காவுக்கு வைத்தியம் செய்கிற வேஷம். அடிபட்டவர்கள்மேல் கை நீட்டினால் பச்சையாக ஒரு வெளிச்சம் போகும், அவர்கள் எழுந்துகொள்வார்கள். கில்டில் எல்லோரும் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கோட்டையும் வேண்டாம், ஜெயித்தவர்கள் பட்டியலில் பெயரும் வேண்டாம். "நான் இருக்கச்சொல்ல யாரும் சாவக் கூடாது, அவ்ளோதான்" என்பாள். எனக்கோ அதற்குள் பெய்கிற மழை பிடிக்கும். வெளியே தார் உருகும்போது உள்ளே மழையில் சும்மா ஓடிக்கொண்டிருப்பேன்.

கத்திக்காரர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஆபீசில் வேலை, எங்களைவிட ரொம்பப் பெரியவர். கில்டிலேயே பலமானவர் அவர்தான். வேலை முடிந்து வந்து, தூக்கத்தை விட்டுவிட்டு விளையாடுகிறவர். அவருக்கு ஒரே ஒரு மோதிரம் வேண்டியிருந்தது. குகைக்குள் இருக்கிற ஒரு பாம்பைக் கொன்றால் என்றைக்காவது ஒருநாள் அந்த மோதிரம் விழும். விழாமலும் போகும். பாம்பு சாகும், கொஞ்சம் தோல் விழும், எல்லோரும் மறுபடி காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் கோபமெல்லாம் ஊறியது. யாராவது தப்பாக ஒரு அடி எடுத்து வைத்தால் கத்திக்காரர் கெட்ட வார்த்தையாக டைப் அடிப்பார். அக்கா அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவர் அடுத்த முறை அடிபடும்போதும் முதலில் அவர்மேல்தான் வெளிச்சத்தை அனுப்புவாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் இனிமே வரல சித்தப்பா" என்றாள்.

வைத்தியம் செய்ய ஆளில்லாமல் கில்டே கிடையாது. சித்தப்பா கெஞ்சினார். "சரி, இனிமே எது விழுந்தாலும் யாருக்குக் குடுக்கணும்னு நீயே முடிவு பண்ணு. நான் கேக்க மாட்டேன்."

ஆனால் சித்தப்பா கத்திக்காரரிடம் முன்பே, மோதிரம் விழுந்தால் உங்களுக்குத்தான் என்று சொல்லி வைத்திருந்தார். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் கத்திக்காரரிடமும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நம்பிக்கையோடு எல்லோரும் ஒரே குகைக்குள் போனார்கள்.

மோதிரம் விழுந்த அன்று கூட்டத்தில் ஒரு புது ஆள் இருந்தது. பெயர்கூட யாரும் கவனிக்கவில்லை. புதுசு என்றே கூப்பிட்டார்கள். அடிக்கடி சாகும், வழி தெரியாமல் நிற்கும், கத்திக்காரரிடம் திட்டு வாங்கும். அன்றைக்குப் பாம்பு அக்காவின் பக்கம் திரும்பியபோது, மற்றவர்கள் எல்லாம் அடித்துக்கொண்டே இருக்க, புதுசு மட்டும் ஓடிவந்து குறுக்கே நின்றது. ஒரே கடியில் செத்தது. கத்திக்காரர் "வேஸ்ட்" என்று அடித்தார். பாம்பு விழுந்தது, மோதிரம் தரையில் மின்னியது. அக்கா அதை எடுத்தாள், புதுசை எழுப்பினாள், அதன் கையில் கொடுத்தாள்.

கம்ப்யூட்டர் திரை முழுக்கத் திட்டுகள் கொட்டின. சித்தப்பா பக்கத்து அறையிலிருந்து திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னாடி பண்ணி வெச்ச?"

"நீங்கதானே முடிவு பண்ணச் சொன்னீங்க?"

மறுநாள் மத்தியானம் வீட்டு போன் அடித்தது. அப்பாவுக்கு அன்று ஷிப்டு இல்லை. ரிசீவரை எடுத்தது நான். "வீட்டுல பெரியவங்க இருந்தா குடு பாப்பா" என்றது ஒரு குரல். அப்பாவிடம் கொடுத்தேன். எங்கள் போனில் எதிராளி பேசுவது அறை முழுக்கக் கேட்கும். அன்றைக்கும் கேட்டது.

"ஏனுங்க, உங்க பொண்ணுகிட்டச் சொல்லி வைங்க. அந்த மோதரம் எனக்குச் சேர வேண்டியது. ஒரு மாசமா ராத்திரி பகல் பாக்காம அவகூடச் சுத்துனவன் நான். மோதரத்த மட்டும் நேத்து வந்தவனுக்குக் குடுத்துப்போட்டா. திருப்பி வாங்கித் தரச் சொல்லுங்க. இல்லீன்னா நான் சும்மா விட மாட்டேன்."

அப்பா "நீ யாரு?" என்று கேட்டார். அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா அக்காவைக் கூப்பிட்டார். கத்தவில்லை.

"கையக் காட்டு."

அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். அப்பா ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மோதிரம் போட்ட தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அது?"

"அது நெச மோதிரம் இல்லப்பா. கேமுல வர்றது. கம்ப்யூட்டருக்குள்ள இருக்குது."

"கம்ப்யூட்டருக்குள்ள மோதிரம். ராத்திரி பகலா கூடச் சுத்தினவனும் கம்ப்யூட்டருக்குள்ளயா?"

அக்கா ஆமாம் என்றாள். அதைவிட மோசமான பதில் எதுவும் அந்த நேரத்தில் இருந்திருக்க முடியாது.

தேடினார்கள். பள்ளிக்கூடப் பை, ஜியோமெட்ரி பாக்ஸ், அட்டை போட்ட புதுப் புத்தகங்களின் உள்பக்கம், புளிப்பானை, அரிசி டின். இதற்கு நடுவில் சித்தப்பா வந்தார். விஷயம் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பரண்மேல் இருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கி, அக்காவின் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். இல்லாத மோதிரத்தை, இல்லை என்று தெரிந்த மனுஷன், அப்பாவோடு சேர்ந்து தேடினார்.

"சித்தப்பாவுக்குத் தெரியும்ப்பா! அவரும்தான் விளையாடுறாரு!" என்று நான் கத்தினேன்.

அப்பா திரும்பினார். சித்தப்பா கையில் அக்காவின் தாவணி.

"அதுங்க ஏதோ விளையாடும் அண்ணே. நான் வேலைக்குத் தேடிக்கினு இருப்பேன். கவனிச்சது இல்ல."

அக்கா அவரை ஒரே ஒருமுறை பார்த்தாள். பிறகு அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை. என்னைப் பார்த்து அப்பா சொன்னார்: "நீயும் உடந்தையா? உள்ள போ."

அன்று சாயங்காலமே போன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தால் அக்கா போக வேண்டாம் என்று முடிவானது. நல்லூரில் இருக்கிற மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு, ஆள் போனது. அவர் மகனுக்கு அக்காவைப் பேசி வைத்துவிடலாம், கல்யாணம் மெதுவாக நடக்கட்டும் என்று அப்பா சொன்னார். அக்கா சாப்பிட உட்காருவாள், இரண்டு வாயில் எழுந்துவிடுவாள். அட்டை போட்ட புத்தகங்களை ஒரு மூலையில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடினாள்.

மாமா வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் காலை, அம்மா அப்பாவின் எதிரில் வந்து நின்றாள். அப்பா முகத்துக்கு நேராக அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"ஒருதரம் போயி அந்தக் கம்ப்யூட்டரப் பாத்துட்டு வந்துடுவோம். இவ சொல்றது பொய்யின்னா அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கல. உண்மையின்னா என்னா பண்ணுவீங்க, அத நீங்களே யோசிச்சிக்குங்க."

வெயில் ஏறிய நேரத்தில் நான்கு பேரும் அந்த மாடிப்படியில் ஏறினோம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவர் மாதிரி அப்பா கழுத்துவரை பித்தான் போட்டிருந்தார். குடும்பமாக வந்து நிற்பதைப் பார்த்ததும் சென்டர் வைத்திருந்த அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். கடைசிக்கு முந்தின அறையைக் காட்டினார். அக்கா உட்கார, அப்பா அவள் பின்னால், அம்மா திரையைப் பிடித்துக்கொண்டு வாசலில். நான் மேசைக்கும் தடுப்புக்கும் நடுவில்.

அக்கா உள்ளே நுழைந்ததும் புதுசு ஆற்றங்கரையில் நிற்பது தெரிந்தது. அங்கே எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிப்பார்கள். அப்பாவுக்கு அது பிடிபடாது. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"அந்த மோதிரத்த ஒரு நிமிஷம் குடுங்க. திருப்பித் தரேன்" என்று அக்கா அடித்தாள்.

புதுசு பதில் அடித்தது. "எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க. என் கவசத்தையும் இப்படிச் சொல்லித்தான் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். நீங்களுமா டாக்டர்?"

அக்காவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. "காரணம் சொல்ல முடியாது. நம்பினா குடுங்க. இல்லன்னா பரவால்ல" என்று அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் கேளு" என்றார் அப்பா.

"அதுக்கு மேல கேக்கக் கூடாதுப்பா."

அம்மாவின் கையில் திரைத்துணி கசங்கியது. புதுசு அசையாமல் நின்றது. பிறகு நடந்து வந்து அக்காவின் எதிரில் நின்றது. பொருளைக் கைமாற்றுகிற ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதற்குள் மோதிரம் வந்து விழுந்தது, அக்கா வாங்கிக்கொண்டாள். துவரம்பருப்பு அளவு. சிவப்புக் கல்.

அப்பா குனிந்து, விரலால் கண்ணாடியைத் தொட்டார்.

"இதா?"

"இதான்ப்பா."

"இதக் கையில எடுக்க முடியாதா?"

"முடியாதுப்பா."

"இதுக்கா அந்த ஆளு அப்பிடிப் பேசினான்?"

அக்கா பதில் சொல்வதற்குள் பக்கத்து அறையின் திரை விலகியது. சித்தப்பா. நாங்கள் வந்தது முதல் அங்கேதான் இருந்திருக்கிறார்; தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாமே கேட்டிருக்கும்.

"அண்ணே... அந்த ஆளு எங்க கில்டுதான். அவசரம்னா கூப்பிடுங்கன்னு நம்ம வூட்டு நம்பர நான்தான் குடுத்தேன். இதுங்களச் சேத்ததும் நான்தான்."

அப்பா அவரை வெகுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று பயந்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அன்னிக்கு அவ துணிய எனக்கு ஒதறிக் காட்டினியேடா" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

சித்தப்பா வாயைத் திறந்தபோது கரண்டு போனது. காற்றாடி நின்றது, திரை கறுத்தது, வரிசையாக எல்லா அறைகளிலிருந்தும் பையன்கள் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலை மீறி அக்கா "ஐயோ" என்று கத்தினாள். அத்தனை நாளும் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை.

"மோதிரம் எங்கிட்டயே இருக்குது. திருப்பிக் குடுக்கலயே!"

"அதான் பாத்தாச்சே. வா, போலாம்" என்றார் அப்பா.

"நான் வரல."

"அப்பா கூப்பிடுறாரு இல்ல?" என்றாள் அம்மா.

"அவங்க என்னை நம்பிக் குடுத்தாங்கம்மா. கரண்டு வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அப்பா இருட்டுக்குள் நின்றார். கதவருகே போனார், திரும்பி வந்தார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, செத்துப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மேல்பித்தானைக் கழற்றினார். என்னைக் கூப்பிட்டுக் கீழே போய் டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார். நான் இறங்கும்போது சித்தப்பா படியில் நின்றிருந்தார்.

கரண்டு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கா அவசர அவசரமாக உள்ளே போனாள். புதுசு இல்லை. ஒரு செய்தி மட்டும் இருந்தது.

"என்னா எழுதியிருக்குது?" என்று அப்பா என்னைக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். "சொல்லு" என்றாள்.

"திருடின்னு எழுதியிருக்குது."

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "அதெப்பிடி? என்னா நடந்துச்சுன்னு ஒரு வார்த்த கேக்காம ஒரு பொண்ண அப்பிடிச் சொல்லிடுவாங்களா?" என்று சத்தமாகவே கேட்டார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு டீ கிளாஸ்களை அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் நல்லூர் மாமா வந்தார். கறிக்குழம்பு வைத்தோம். பேச்சு எடுக்காமலே அவரைச் சாப்பிட வைத்து அப்பா பஸ் ஏற்றிவிட்டார். ஜூனில் அக்கா பள்ளிக்கூடம் போனாள். பிறகு காலேஜும் போனாள். சித்தப்பா அந்த வருஷமே குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு வருவார். அக்கா அவருக்குச் சோறு போடுவாள், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாள், சிரித்துப் பேசுவாள். ஆனால் இன்றுவரை அவரிடம் எந்த உதவியும் கேட்டதில்லை. கத்திக்காரர் மறுபடி கூப்பிடவே இல்லை. இப்போது யோசித்தால் அவருக்கும் ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டுத்தானே இருந்தது என்று தோன்றுகிறது. ஆனால் அந்தக் குரலை நினைத்தால் அந்த நியாயம் எனக்கு மறந்துபோகிறது.

உங்களிடம் சொல்ல வந்தது இதையெல்லாம் இல்லை. மாமா போன மறுநாளிலிருந்து அப்பா செய்த காரியத்தைத்தான்.

வேலை முடிந்து வந்ததும் கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் வண்டியை எடுப்பார். அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஜங்ஷன் ரோட்டுக்குப் போவார். அதே அறை. அக்கா ஆற்றங்கரையில் போய் நிற்பாள். "வந்துச்சா?" "இல்லப்பா." "சரி, நாளைக்குப் பாப்போம்." அக்காவே, "போதும்ப்பா, அவங்க இனிமே வர மாட்டாங்க" என்று ஒருநாள் சொன்னாள். அப்பா கேட்கவில்லை.

கோடை மழை முதல்முறையாகக் கொட்டிய ஒரு சாயங்காலம் புதுசு வந்தது. அக்காவைப் பார்த்ததும் விலகி நடந்தது. அக்கா பின்னாலேயே ஓடினாள். ஒன்றுமே எழுதாமல் கட்டத்தைத் திறந்து மோதிரத்தை வைத்தாள். புதுசு அப்படியே நின்றுவிட்டது. மோதிரம் அந்தப் பக்கம் போனது. கொஞ்ச நேரம் கழித்து எழுத்து வந்தது.

"என்னாவாம்?" என்றார் அப்பா.

"எதுக்கு அன்னிக்குக் கேட்டீங்கன்னு கேக்குறாங்க" என்றேன்.

அக்கா கீபோர்டுமேல் விரலை வைத்தாள். வைத்ததை எடுத்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கப்பா என்னை நம்பல, அதுக்காவதான்னு போடு."

அக்கா திரும்பவில்லை. அவள் காது சிவந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நான் படித்தேன். "கரண்டு போயிடுச்சு, அதான் லேட்டு. மன்னிச்சுக்குங்க" என்றுதான் அடித்திருந்தாள்.

அப்பா என் தோளைத் தொட்டார்.

"போட்டாளா?"

"போட்டாப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். எழுந்து, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, மழை விட்டிருக்கிறதா என்று பார்க்கப் படியிறங்கிப் போனார்.